திறந்து கிடக்கும் கதவு

கதையில் சிக்கல் உண்டாக்குவது பெரிய வித்தை அல்ல. ஒரு கடிதம் தவறான கைக்குப் போனால் போதும். கணவனையும் மனைவியையும் பிரித்துவிடலாம். ஆனால் வாசகர் சும்மா இருப்பதில்லை. "இவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்குமே, ஏன் கேட்கவில்லை?" என்கிறார். "கேட்டிருந்தால் கதை முடிந்துபோயிருக்கும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால், கதை அங்கேயே செத்துவிட்டது. எளிய வழியைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரங்களைச் சுவரில் மோதவிடுவதுதான் தொடர்கதைகளில் நான் அதிகம் காணும் குற்றம்.

இந்தக் குற்றம் அண்டாத நாவல் ஒன்று கொங்கு நாட்டில் இருக்கிறது. ஆர். ஷண்முகசுந்தரம் எழுதி 1942இல் வெளிவந்த 'நாகம்மாள்'. கணவனை இழந்த நாகம்மாள், பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் இருக்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்கிறாள். அவன் இசையவில்லை. முரடன் கெட்டியப்பன் அவளுக்குத் துணை நிற்கிறான். கடைசியில் அவன் கையால் சின்னப்பன் மடிகிறான்.

"வக்கீல் இல்லையா, கோர்ட்டு இல்லையா?" என்று இன்றைய வாசகர் கேட்கலாம். இந்து விதவைக்குச் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937இலேயே வந்தது உண்மைதான். ஆனால் மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் அந்த உரிமை விளைநிலத்துக்கும் நீண்டது 1947இல்தான். அதுவரை பாகம் பிரியாத குடும்பத்து விதவைக்கு ஜீவனாம்சந்தான். சோறு உண்டு, காடு இல்லை.

ஆக, அந்தக் கதவை ஆசிரியர் அடைக்கவில்லை. காலமே அடைத்து வைத்திருந்தது. நாகம்மாளுக்கு மிஞ்சியது வாய். வாய் பலிக்காதபோது இன்னொருவனுடைய கை. முடிவு சட்டென்று வந்துவிடுகிறதே என்று சிலர் குறைப்படலாம். அடி சட்டென்றுதான் விழுகிறது; ஓங்கிய கை முதலிலிருந்தே ஓங்கியிருக்கிறது.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கதாநாயகி தப்பக்கூடிய வழிகளை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் வறுமையோ வீம்போ ஊர்ப்பேச்சோ சட்டமோ அடைக்கட்டும். உங்கள் பேனா அடைக்க வேண்டாம். ஒரு வழி அடைபடவே மறுத்தால், அவளை அந்த வழியாகவே போகவிடுங்கள். நீங்கள் திட்டமிட்டதைவிட நல்ல கதை அந்தப் பக்கம் இருக்கக்கூடும்.