‘பெண்’ என்றொரு ஆகுபெயர்

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்றை இலக்கியப் பிரதிபோல வாசிக்க முடியுமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். சித்திக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் நான் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ‘ஐபாஸ்’ ஆய்வு. ஹாங்காங் மருத்துவர் டோனி மோக் தலைமையில் சீனா, ஜப்பான், தாய்லாந்து போன்ற நாடுகளில் நடந்தது. பணம் கொடுத்தது அந்த மாத்திரையைத் தயாரிக்கும் அஸ்ட்ராஜெனிகாவேதான். வாசிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

1,217 நோயாளிகள். எல்லோருக்கும் அடினோகார்சினோமா வகை, முற்றிய நிலை. எல்லோரும் புகைக்காதவர்கள், அல்லது எப்போதோ கொஞ்சம் புகைத்து நிறுத்தியவர்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பெண்கள். பாதிப் பேருக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை. மீதிப் பேருக்கு கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்து சேர்ந்த கீமோ.

இவர்களை ஏன் பொறுக்கி எடுத்தார்கள்? பெண், ஆசியர், புகைக்காதவர் என்றால் இந்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். காரணம் 2004இல் தெரிந்தது. செல்லின் மேற்பரப்பில் இஜிஎஃப்ஆர் என்றொரு ஏற்பி இருக்கிறது. ‘வளர்’ என்ற கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. அதன் மரபணுவில் சில இடங்களில் மாற்றம் நேர்ந்தால் கட்டளை ஓய்வதே இல்லை. மாத்திரை அதைத்தான் அடைக்கிறது. இந்த மாற்றம் அப்படிப்பட்டவர்களிடம் கூடுதலாகத் தென்படுகிறது. ஆக, ‘பெண்’ என்ற சொல் இங்கே ஒருத்தியைக் குறிக்கவில்லை. அவள் கட்டிக்குள் இருக்கக்கூடிய ஒன்றைக் குறிக்க அவள் பெயர் ஆகிவந்திருக்கிறது. நாங்கள் நன்னூல் வகுப்பில் ஆகுபெயர் என்று நடத்துவது இதைத்தான்.

ஆகுபெயர் கவிதையில் அழகு. மருந்துச் சீட்டில் ஆபத்து. ஐபாஸின் வரைபடத்தில் முதல் ஆறு மாதம் கீமோக் கோடு மேலே போகிறது. பிறகு மாத்திரைக் கோடு அதை வெட்டிக்கொண்டு மேலேறுகிறது. இரண்டு வேறு கூட்டங்களை ஒரே பெயரில் கலந்ததால் வந்த வெட்டு அது. மரபணு நிலை தெரிந்த 437 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். மாற்றம் இருந்தவர்களில் மாத்திரையால் கட்டி சுருங்கியது 71.2 சதவீதம் பேருக்கு, கீமோவால் 47.3. மாற்றம் இல்லாதவர்களில் கீமோவால் 23.5, மாத்திரையால் 1.1. அதாவது மாத்திரை எடுத்த 91 பேரில் ஒரே ஒருவர். அந்த 91 பேரும் அதே ‘புகைக்காத ஆசியர்’ சல்லடையில் தேறி வந்தவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீமோவும் மாற்றம் உள்ளவர்களிடமே இரு மடங்கு பலித்திருக்கிறது. ‘மரபணு மாத்திரை கிடைத்தவளுக்குக் கீமோ வீண்’ என்று உறவினர் பேசுவதற்கு இந்தக் கட்டுரையில் ஆதாரம் இல்லை.

சித்தி போன மருத்துவமனையில், “பொம்பளை, சிகரெட் கிடையாது, மாத்திரையே போதும், பரிசோதனைக்கு வீண் செலவு எதுக்கு” என்றார்கள். சித்தப்பா தலையாட்டினார். பயாப்சித் துண்டை அனுப்பியே ஆகவேண்டும் என்று நின்றவள் அவர்கள் மகள். முடிவு வந்தது: மாற்றம் இல்லை. கீமோ தொடங்கினார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு சித்தியால் படுத்துத் தூங்க முடிந்தது.

அத்துடன் முடியவில்லை. அந்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மரபணு டெஸ்ட் எடுத்தீங்களாமே, பரம்பரை நோயா?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டனுப்பினார்கள். தமிழ்ச் சொல் செய்த வேலை இது. மரபணு என்ற சொல்லில் மரபு இருக்கிறது. கேட்பவருக்குப் பாட்டி, அம்மா, மகள் என்ற வரிசை கண்முன் வந்துவிடுகிறது. உடன் வரும் ‘பிறழ்வு’ இன்னும் மோசம். நெறி பிறழ்ந்தவள் என்று பெண்ணைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம்? ஆனால் இங்கே தேடப்படும் மாற்றம் அநேகமாக எப்போதுமே வாழ்நாளின் நடுவில் நுரையீரல் செல் ஒன்றில் நேர்ந்து, அந்தக் கட்டிக்குள் மட்டும் இருப்பது. அம்மா கொடுத்ததும் அல்ல, மகளுக்குப் போவதும் அல்ல. கலைச்சொல் அகராதி செய்கிறவர்கள் ‘கட்டியின் மரபணு மாற்றம்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டிருந்தால் என் தங்கைக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஐபாஸில் ‘புகைக்காதவர்’ என்பதற்கும் வரையறை உண்டு: ஆயுளில் நூறு சிகரெட்டுக்குக் குறைவு. சித்தியின் கோப்பிலும் முதல் பக்கத்தில் ‘வயது 54, பெண், புகைப்பழக்கம் இல்லை’ என்றுதான் இருக்கிறது. வரட்டியும் விறகும் வைத்து முப்பது வருஷம் ஊதுகுழலால் ஊதிய அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை; எழுத அங்கே கட்டமும் இல்லை.