சட்டகத்துக்கு வெளியே ஓர் உரல்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் கைபேசிக்கு அம்மன் வந்துவிடுகிறாள். சந்தனக்காப்பு, எலுமிச்சை மாலை, கீழே ‘இன்றைய தரிசனம்’ என்ற வரி. உறவுக்காரப் பெண்கள் நிறைந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருத்தியாகக் கைகூப்பும் குறியை இடுவாள். அத்துடன் குழு அடங்கிவிடும்.

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்து மாவிளக்குப் போடுவார்கள். ஒருத்தியே நெடுநேரம் இடித்தால் தோள் விட்டுப்போகும். பக்கத்தில் இருப்பவள் முன்பின் தெரியாதவளானாலும் உலக்கையை வாங்கிக்கொள்வாள். அந்தக் கைமாற்றலில்தான் மகளின் கருச்சிதைவும் குடிக்கிற கணவனும் பேச்சில் வருவார்கள். என் அம்மா வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒரு துக்கத்தை அங்கேதான், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தியிடம் சொல்லி அழுதாள்.

கைபேசித் தரிசனத்தை ஒரு பிரதியாக வாசித்தால், அதன் சட்டகம் கருவறையோடு முடிந்துவிடுகிறது. பெண்களின் உழைப்பும் பேச்சும் அதற்கு வெளியே நிற்கின்றன. 2020 ஊரடங்கில் கோயில்கள் மூடிக்கிடந்தபோது அந்தப் படங்கள் ஆறுதல் தந்தது உண்மை. கோயில் திறந்த பிறகோ, “போன்லயே பாத்துக்கலாமே, எதுக்கு அலைச்சல்?” என்று வீட்டு ஆண்கள் கேட்கத் தொடங்கினார்கள். பெண் வாசல் தாண்டுவதற்கு எவரும் மறுக்க முடியாத காரணமாக இருந்தது வேண்டுதல்தான். அதுவும் இப்போது பறிபோகிறது.

பழைய கூட்டத்தை நான் கொண்டாடவில்லை. மாதவிலக்கைச் சொல்லியும் கைம்மையைச் சொல்லியும் சாதியைச் சொல்லியும் நம் ஊர்க் கோயில்கள் எத்தனையோ பெண்களை வெளியே நிறுத்தியிருக்கின்றன. அவர்களில் ஒருத்திக்குக் கைபேசியே முதல் தரிசனமாகவும் இருக்கலாம். ஆனால் அங்கும் அவள் தனியாகத்தான் பார்க்கிறாள்.

இது ஒரு மதத்தின் சங்கதி மட்டுமல்ல. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவரோடு சேர்த்துப் பேசப்படும் தேவாலயத்தில் இருப்பவள் அடைக்கல மாதா. அடைக்கலத்துக்கு இருவர் வேண்டும்: தேடி வருபவள் ஒருத்தி, இடம் கொடுப்பவள் இன்னொருத்தி. மாதாவின் படத்தையும் இன்று கைபேசியில் அனுப்பிவிடலாம். வந்தவளை நகர்ந்து பக்கத்தில் உட்காரவைப்பதை எப்படி அனுப்புவது?

சென்ற ஆண்டு மூன்று வெள்ளிக்கிழமைகள் அம்மாவின் கைகூப்பு குழுவில் வரவில்லை. என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.