சத்தியக்கடதாசியும் இலக்கியமும்

இலக்கியம் மனித உறவுகளைப் பற்றியது என்று கூறுவோர், அவ்வுறவுகளை வரையறுப்பவர் யார் என்ற வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தாய், தந்தை, பிள்ளை என்னும் சொற்கள் இயற்கையே நமக்கு அளித்தவை போலத் தோன்றுகின்றன. ஆனால், பிறநாட்டில் உழைக்கும் தாயிடமோ தந்தையிடமோ ஒரு பிள்ளை போய்ச் சேரவேண்டிய வேளையில், அச்சொற்களுக்குப் பொருள் கூறும் உரிமை குடும்பத்தின் கையைவிட்டு அரசின் கைக்கு மாறிவிடுகின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதம், பிள்ளையின் கட்டுக்காப்பு யாருக்கென்று கூறும் நீதிமன்றக் கட்டளை, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், உறவினரின் சத்தியக்கடதாசி ஆகியன ஒரு கோப்பினுள் அடங்கிய பின்னரே தாய் தாயாகின்றாள், பிள்ளை பிள்ளையாகின்றது.

இக்கோப்பு இலக்கியத்துக்கு உரிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். கண்ணீரும் பிரிவும் இலக்கியத்துக்கு உரியவை, படிவங்கள் எழுதுவினைஞருக்கு உரியவை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதே நமது கருத்து. பிரிவைப் பாடிவிட்டுப் பிரிவை உண்டாக்கிய காரணத்தை மறைப்பது யதார்த்தமாகாது. இதனைத் தெளிவுபடுத்த, பெற்றோரிடம் போய்ச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த இரு நூல்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜமெய்க்காவிற் பிறந்த ஜோன் றைலி 1985இல் வெளியிட்ட 'தி அன்பிலோங்கிங்' என்னும் நாவல். மற்றையது, ஹெயிற்றியிற் பிறந்த எட்வீஜ் டான்ரிகா 2007இல் வெளியிட்ட 'பிறதர், ஐ ஆம் டையிங்' என்னும் குடும்ப வரலாறு.

நூல்களுக்குட் புகுமுன் அவற்றின் பின்னணியை நோக்குதல் வேண்டும். 1948இல் 'எம்பயர் வின்ட்றஷ்' என்னும் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ரில்பரித் துறைமுகத்தை அடைந்தது. போரினால் நலிந்த பிரித்தானியாவின் ஆலைகளுக்கும், பஸ் வண்டிகளுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும் கைகள் தேவைப்பட்டன. கைகள் அழைக்கப்பட்டன, அக்கைகளைப் பற்றி நடந்த சிறுவர் அழைக்கப்படவில்லை. அவர்கள் பாட்டியிடமும் சிறிய தாயிடமும் விடப்பட்டனர். அடிமைமுறை கணவனையும் மனைவியையும் வெவ்வேறு பெருந்தோட்டங்களுக்கு விற்ற ஒரு சமுதாயத்தில், பாட்டி பிள்ளையை வளர்ப்பது புதுமையன்று. ஏகாதிபத்தியம் குலைத்த குடும்பத்தை மக்கள் தமக்கியன்ற வழியில் மீண்டும் கட்டியெழுப்பிய முறை அது.

பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் தொழிலாளரின் வருகையைக் கட்டுப்படுத்தியபோதிலும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோரிடம் சேர இடமளித்தது. 1968இன் சட்டமோ, ஒரு பெற்றோர் மட்டும் அங்கிருப்பது போதாது என்னும் நிலையை நோக்கி நகர்ந்தது. தனியே இருக்கும் தாயோ தந்தையோ பிள்ளையை அழைப்பதாயின், அதன் வளர்ப்புக்குத் தாமே 'முழுப்பொறுப்பு' உடையவர் என்று நிரூபிக்கவேண்டும் என்னும் கொள்கை விதிகளில் வேரூன்றியது. 1994இல் தொகுக்கப்பட்ட குடிவரவு விதிகளின் 297ஆம் பந்தியிலும் இத்தொடர் இடம்பெற்றது.

இத்தொடரின் பொருளை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். லண்டனில் ஆஸ்பத்திரித் தாதியாக உழைக்கும் தாய் ஒருத்தியின் பிள்ளை பத்து ஆண்டுகளாகப் பாட்டியிடம் வளர்கின்றதென்க. பள்ளியைத் தெரிந்தெடுத்தவர் யார், நோயுற்றபோது வைத்தியரிடம் கொண்டுசென்றவர் யார், பிள்ளையைக் கண்டித்தவர் யார் என்று அதிகாரி கேட்பார். பாட்டி என்று உண்மை கூறினால் விண்ணப்பம் தோற்கக்கூடும். எனவே பிள்ளைக்குச் சோறூட்டிய கிழவி, தான் எதனையும் தீர்மானித்தவளல்லள், யாவும் கடல் கடந்த மகளின் கட்டளைப்படியே நடந்தன என்று சத்தியக்கடதாசியிற் கையொப்பமிட வேண்டும். பிள்ளைமீது அவள் கொண்ட அன்பின் இறுதிச் செயல், அப்பிள்ளையின் வாழ்வில் தான் ஒருவருமல்லள் என்று சத்தியஞ் செய்வதாக அமைகின்றது. நாளாந்தப் பராமரிப்பு உறவினர் கையில் இருந்தாலும், பெரிய முடிவுகளிற் பெற்றோரின் கட்டுப்பாடு தொடர்ந்திருப்பின் அது போதும் என்று 2006இல் பிரித்தானியக் குடிவரவு நியாயசபை ஒரு வழக்கில் விளக்கியது. இது ஓரளவு தணிவே. ஆயினும் பாட்டியின் பெயரைச் சிறிதாக்கித் தாயின் பெயரைப் பெரிதாக்கும் தேவை மாறவில்லை.

இவ்வாறு கடதாசி அழித்த மனிதரை மீண்டும் உயிர்ப்பித்துக் காட்டுவதே இத்துறையில் இலக்கியத்தின் முதற் கடன் என்று நாம் கொள்கின்றோம். இவ்வளவுகோலைக் கொண்டே இரு நூல்களையும் மதிப்பிடுவோம்.

ஜோன் றைலியின் நாவலின் கதாநாயகி ஹயசிந்த். கிங்ஸ்ரனில் சிறிய தாய் ஜோய்சின் அரவணைப்பில் வளர்ந்த அவளை, அவள் அறிந்திராத தந்தை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்கிறார். அப்போது அவளுக்கு வயது பதினொன்று. சட்டத்தின் கண்ணில் இது பிரிந்த குடும்பத்தின் இணைப்பு. நாவல் காட்டுவதோ ஒரு சிறையிருப்பு. தந்தை அடிக்கிறார், அச்சுறுத்துகிறார், அதனினும் கொடிய தீங்குக்கும் முனைகின்றார். வெளியே நிறவெறி, உள்ளே தந்தை என்ற இரு சுவர்களுக்கிடையே சிறுமி நெரிகின்றாள். ஓடித் தப்பியபின் அவளை ஏற்பவை அரசின் சிறுவர் இல்லங்கள்.

இந்நாவலின் வலிமை அதன் துணிவிலே தங்கியுள்ளது. நிறவெறியால் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதுவோர் அம்மக்களின் வீட்டினுள் நிகழும் கொடுமையை மறைத்துவிடுவது எளிது. பகைவனுக்கு வாய்ப்பளிக்கலாகாது என்று அதற்கு நியாயமும் கூறுவர். றைலி அவ்வாறு மறைக்கவில்லை. உரிமை யாருக்கு என்று கேட்கும் சட்டம், பிள்ளை அம்மனிதரை அறியுமா, அவரிடம் அஞ்சாது உறங்குமா என்று கேட்பதில்லை என்பதை ஒரு சிறுமியின் நனைந்த படுக்கையைக் கொண்டே உணர்த்திவிடுகின்றார். எந்தப் பிரசங்கமும் இதனைச் செய்திராது.

ஆயினும் குறை கூறவேண்டிய இடமும் உண்டு. ஜோய்ஸ் என்னும் பாத்திரம் நாவலின் பெரும்பகுதியில் ஹயசிந்தின் கனவாகவே வாழ்கின்றது. பிள்ளையை அனுப்பிய நாளில் அப்பெண் என்ன நினைத்தாள், மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்பனவற்றை நாம் அறியோம். இறுதியில் ஹயசிந்த் ஜமெய்க்கா திரும்பும்போது, அவள் நெஞ்சில் வைத்துப் போற்றிய நாடு எங்குமே இல்லை. வறுமையும் நோயுமே எதிர்கொள்கின்றன. கனவு உடைவது உண்மைதான். ஆனால் கனவின் பின்னே இருந்த உழைக்கும் பெண்ணை நாம் காணாமலே நூல் முடிந்துவிடுகின்றது. தந்தையின் கொடுமையை வளர்த்த சமுதாயச் சூழலும் போதிய அளவு ஆராயப்படவில்லை. எனவே அவர் ஒரு மனிதராக அன்றி ஓர் அச்சமாகவே நிற்கின்றார்.

இக்குறை நீங்கிய நூல் டான்ரிகாவினுடையது. அவருடைய தந்தை 1971இலும் தாய் 1973இலும் ஹெயிற்றியைவிட்டு நியூயோர்க் சென்றனர். எட்வீஜும் தம்பியும் போட்டோ பிறின்ஸ் நகரத்தின் பெல் எயர் பகுதியில், தந்தையின் தமையனாரான ஜோசப்பிடம் வளர்ந்தனர். 1981இல், தமது பன்னிரண்டாவது வயதில், எட்வீஜ் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். இடையில் கழிந்த ஆண்டுகளில் தந்தையிடமிருந்து வந்தவை மூன்று பந்திகளுக்குள் அடங்கிய அளவான கடிதங்கள்: சுகம் விசாரித்தல், அனுப்பிய பணத்தின் கணக்கு, முடிவு.

அக்கடிதங்களை இரு வாசகர் வாசிப்பதாகக் கற்பனை செய்வோம். அதிகாரிக்கு அவை சிறந்த சான்று. பணமும் உண்டு, திகதியும் உண்டு. பிள்ளைக்கோ அவை பஞ்சம். கண்டிப்பான மூன்று பந்திகளுக்குள் அடங்காத பாசத்தை அவள் எங்ஙனம் அறிவாள்? அவ்வறட்சி அன்பின் குறைவன்று, பிரிவைத் தாங்குவதற்குத் தந்தை கண்ட வழியே என்பதை மகள் வளர்ந்த பின்னரே உணர்கின்றார். சான்றுக்கும் அன்புக்குமிடையே உள்ள இவ்விடைவெளியிலேதான் இந்நூல் பிறந்தது எனலாம்.

பெரிய தந்தை ஜோசப்பை நூலின் நடுவில் நிறுத்தியதே டான்ரிகாவின் பெருஞ் சாதனை. தொண்டைப் புற்றுநோயினாற் குரலிழந்த அம்மனிதரின் உதட்டசைவைப் படித்து, அவருக்குக் குரலாக நின்றவள் சிறுமி எட்வீஜ். சட்டத்தின் ஏட்டில் அவர் தற்காலிகப் பராமரிப்பாளர் மட்டுமே. நூலிலோ அவர் இன்னொரு தந்தை. தன்னிடம் வளர்ந்த பிள்ளைகளை உரியவரிடம் ஒப்படைக்கும் நாளில் அவர் இழந்தது என்ன என்பதை ஒரு விண்ணப்பப் படிவமும் கேட்டதில்லை, இந்நூல் கேட்கின்றது.

அக்கதை அங்கு முடியவில்லை. 2004இல் நாட்டின் வன்செயலுக்குத் தப்பி, செல்லுபடியாகும் விசாவுடன் மயாமி விமான நிலையத்தில் இறங்கிய ஜோசப் புகலிடம் கோரினார். எண்பத்தொரு வயது முதியவர் குறோம் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார், மருந்துகள் பறிக்கப்பட்டன, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். மகள், அரச ஆவணங்களையே திரட்டி, அரசுக்கெதிரான சாட்சியமாக்குகின்றார். கோப்பை மக்கள் பக்கம் திருப்பிப் பிடிக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கடதாசி இருந்தும் ஒருவர் மாண்டார். கடதாசி இல்லாமையால் வாழ்விழந்தோரும் உளர். 1973க்கு முன் பெற்றோரின் கடவுச்சீட்டிலும் தமையன், தமக்கையரின் கடவுச்சீட்டிலும் இங்கிலாந்து சென்ற கரீபியச் சிறுவர் பலர், முதுமையெய்தும் வேளையில், தாம் அந்நாட்டவர் என்று நிரூபிக்குமாறு பணிக்கப்பட்டனர். அவர்களின் வருகைக்குச் சான்றாயிருந்த தரையிறங்கு அட்டைகளை 2010இல் உள்நாட்டு அமைச்சே அழித்திருந்தது. வேலை இழந்தோர், வைத்தியம் மறுக்கப்பட்டோர், நாடு கடத்தப்பட்டோர் ஆகியோரின் அவலம் 2018இல் வெளிப்பட்டது. சான்றை எரித்த கையே சான்றைக் கேட்கும் கையாகவும் இருந்தது.

இவை எங்கோ நிகழ்ந்தவை என்று நாம் வாளாவிருக்க முடியாது. 'வின்ட்றஷ்' கப்பல் சென்ற அதே 1948இல் இந்நாட்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோரின் பிறப்புக்குச் சான்று காட்ட இயலாத மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 2013இல் நமது அரசு, வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கேட்கத் தொடங்கியது. பிள்ளையைப் பொறுப்பேற்க மாற்றுப் பாதுகாவலர் உண்டெனக் காட்டவேண்டும் என்றது. அந்நடைமுறை 2022இல் தளர்த்தப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. தாய் புறப்படுகையில், யாவும் என் பொறுப்பு என்று பாட்டி கையொப்பமிட வேண்டும் என்கின்றது ஓர் அரசு. பிள்ளை புறப்படுகையில், எதுவும் என் பொறுப்பன்று என்று பாட்டி கையொப்பமிட வேண்டிய நிலையை உண்டாக்குகின்றது மற்றோர் அரசு. மலிவான உழைப்பு எளிதில் நகரவேண்டும், அவ்வுழைப்பின் குடும்பம் எளிதில் நகரலாகாது என்னும் ஒரே நியதியின் இரு முகங்களே இவை.

பிள்ளைகள் களவாகக் கடத்தப்படுவதைத் தடுக்க ஆவணங்கள் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அத்தகைய நன்னோக்கிற் பிறந்ததே. ஹயசிந்தின் தந்தையைப் போன்றோர் உள்ள உலகில் எவ்விசாரணையும் வேண்டாமென்று யாரும் கூறார். நாம் எதிர்ப்பது விசாரணையையன்று, தவறான கேள்வியை. யாருக்கு முழுப்பொறுப்பு என்பதன்று, பிள்ளைக்கு யார் யார் உறவு, அது யாரிடம் அச்சமின்றி வாழும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை அரசு தானாகக் கேட்கப்போவதில்லை. நம் வகுப்பறைகளிலும் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளரும் மாணவர் இருக்கின்றனர். பள்ளி அத்தாட்சிக் கடிதம் கேட்டு நம்மிடம் வருவோரும் அந்தப் பாட்டிமாரே. அவர்களின் கதை இன்னும் தமிழில் எழுதப்பட வேண்டிய அளவுக்கு எழுதப்படவில்லை. பிரிவின் துயரைப் பாடும் சிறுகதைகள் நம்மிடம் உள. கோப்பினைத் திறந்து பார்க்கும் கதைகள் மிகச் சிலவே. சத்தியக்கடதாசியில் பெருவிரல் பதித்த கிழவியை, அவள் பதித்த வசனத்துக்கு அப்பால் நின்று காணும் எழுத்தாளனையே இன்று நாம் வேண்டி நிற்கின்றோம்.