நான்கு நிறச் சீட்டுகளும் நீளும் வேட்பாளர் பட்டியலும்

வாக்குச்சீட்டின் வடிவமைப்பு அச்சகத்தோடு முடிந்துவிடும் வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால், எழுத்தறியாத ஒருவர் தடுப்புக்குள் தனியாக நின்று, தாம் விரும்பியவரைப் பிழையின்றிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதை முடிவுசெய்வது அந்தத் தாளே. இதை ஆராய்வதற்கு, 18 ஊராட்சி ஒன்றியங்களும் 860 ஊராட்சிகளும் கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்தில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தல் பொருத்தமான சான்று. கிரிவலப் பாதையை ஒட்டிய அடிஅண்ணாமலை போன்ற ஊராட்சிகளின் வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் அன்று நான்கு சீட்டுகள் தரப்பட்டன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். நகரத்து வாக்காளரோ 2022 பிப்ரவரியில் தம் வார்டுக்கு ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமானதாக இருந்தது.

நிறப் பகுப்பின் பயன் உண்மையானது. எந்தச் சீட்டு எந்தப் பதவிக்குரியது என்பதை வாக்குச்சாவடி அலுவலர் ஒரு பார்வையில் உறுதிசெய்துகொள்கிறார்; எண்ணும் மேசையில் கலந்து கிடக்கும் தாள்களைப் படிக்காமலே பிரிக்க முடிகிறது. ஆயினும் நிறம் பதவிகளைத்தான் பிரிக்கிறதே தவிர, வேட்பாளர்களைப் பிரிப்பதில்லை. ஒன்றிய, மாவட்ட ஊராட்சி இடங்களுக்குக் கட்சி அடிப்படையிலும், வார்டு உறுப்பினர், தலைவர் இடங்களுக்குக் கட்சி சாராமலும் தேர்தல் நடப்பதால், பல்லாண்டுகளாக மனத்தில் பதிந்த சின்னம் பச்சைத் தாளிலும் மஞ்சள் தாளிலும் கிடைக்கிறது. வேட்புமனு திரும்பப்பெறும் நாளுக்குப் பின் ஒதுக்கப்பட்டு, சில நாள் பரப்புரையில் மட்டும் அறிமுகமான சுயேச்சைச் சின்னத்தை மற்ற இரு தாள்களிலும் தேட வேண்டியிருக்கிறது. ஊராருக்கு மிக நெருக்கமான பதவிகளின் தாள்களே கண்ணுக்கு மிக அந்நியமாக அமைந்துவிடுகின்றன என்பதுதான் இம்முறையின் பெருங்குறை.

முத்திரையின் வடிவமைப்பு இதைவிட நுட்பமானது. சுழலும் அம்புகள் கொண்ட குறுக்குக் குறி, சீட்டை மடிக்கும்போது மறுபக்கத்தில் மை ஒட்டினால் எதிர்த்திசையில் சுழல்வதாகத் தெரியும். ஆகவே எது வாக்காளர் பதித்தது, எது மடிப்பால் படிந்தது என்று எண்ணுபவர் உறுதியாகச் சொல்லிவிடலாம். செல்லாதவையாகத் தள்ளப்பட்டிருக்கக்கூடிய எத்தனையோ வாக்குகளைச் செலவே இல்லாமல் காக்கும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

வேட்பாளர் எண்ணிக்கை பெருகும்போது நிர்வாகம் தேடும் தீர்வுகள் இவ்வளவு நுட்பமாக இருப்பதில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் களமிறங்கியபோது, வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டு, வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாயிற்று. அதே ஆண்டில் சட்டமன்ற வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது தாளைச் சுருக்கியது என்பது உண்மைதான். ஆனால், ஏழையின் போட்டியிடும் உரிமையைச் சுருக்கித் தாளின் நீளத்தைக் குறைப்பதை வடிவமைப்பு என்று ஏற்க இயலாது. தடையும் முழுமையானதன்று: 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 பேர் போட்டியிட்டனர்; ஒரு பொத்தான் அலகில் 16 இடங்களே இருப்பதால், ‘நோட்டா’வையும் சேர்த்து நான்கு அலகுகளை அடுத்தடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

தனியாள்களுக்குப் பதில் குழுக்களைப் பட்டியலிடுவது வேறொரு வழி. இலங்கை நாடாளுமன்றத் தேர்தலின் சீட்டில் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சின்னத்தோடு இடம்பெற, வேட்பாளர்கள் கீழே வெறும் எண்களாக நிற்கின்றனர்; குழுவுக்கு ஒரு புள்ளடியிட்டபின் மூன்று எண்கள் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே தாளுக்குள் அடக்கும் திறமை இதில் உண்டு. விலையாக, பெயரைத் தாளில் காண முடியாத வாக்காளர் எண்ணை மனனம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவைக்கு 1999இல் நடந்த தேர்தலில் 264 பேர் ஏறத்தாழ 80 குழுக்களாக நின்றதால், தாள் மேசைவிரிப்பின் அளவை எட்டியது. குழுக்கள் தமக்குள் விருப்ப வாக்குகளைக் கைமாற்றிக்கொள்ள விதி இடமளித்தமையால், முதல் விருப்ப வாக்குகளில் ஆயிரத்துக்கு இரண்டளவே பெற்ற ஒருவர் உறுப்பினரானார். தாளின் அகலத்தைவிட அத்தாள் மறைத்த கைமாற்றமே அங்குப் பெருந்தீங்கு.

வரிசை முறையும் நடுநிலையானதன்று. முதலில் நிற்கும் பெயருக்குச் சிறு சாதகம் உண்டு என்பதால், டாஸ்மேனியாவில் பெயர்களின் வரிசை தாளுக்குத் தாள் மாற்றி அச்சிடப்படுகிறது. ஆனால், ‘மூன்றாவது பெயர்’ என்று வரிசை எண்ணைச் சொல்லியே வாக்குக் கேட்கும் தமிழக ஊர்களில், எழுத்தறியாதவருக்கு எஞ்சியிருக்கும் ஒரு பிடியையும் அம்முறை பறித்துவிடும். 2024இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தின் பெயரிலேயே வேறு ஐவர் நின்றபோது, அகர வரிசை அவர்களை ஒருங்கே கொண்டுவந்து சேர்த்தது; அங்கு வேறுபாடு காட்டியவை ஒளிப்படமும் பலாப்பழச் சின்னமுமே.

எனவே, திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பு, வெள்ளைத் தாள்கள்தாம். ஒரே வார்டில் ஒதுக்கப்படும் சுயேச்சைச் சின்னங்கள், மலிவுத் தாளில் விரலகல அளவில் அச்சானபின், மங்கிய வெளிச்சத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று முதிய வாக்காளர் சிலரிடம் முன்கூட்டியே காட்டிச் சோதித்து, ஒத்திருப்பவற்றை ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்தே நீக்குவதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.