வில்லும் யாழும்

இசைக்கு உருவம் உண்டோ? வடிவமைப்புக் கலை பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் பிரிஞ்சாங் வந்தபோது இவ்வினாவை எழுப்பினார். ஓர் இசையைக் கேட்டு, வீட்டில் புழங்கும் பொருள்களைக் கொண்டு அதற்கு வடிவம் தருக என்பது அவருக்கு இடப்பட்ட பயிற்சி. யான் விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை எடுத்துக் கொடுத்தேன்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலைப் போற்றுவோர் பலர், படிப்போர் சிலரே. அதன் யாழுறுப்பியல் வில்யாழிலிருந்து தொடங்குகிறது. குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டிக் குறிஞ்சிப்பண் மீட்டும் இடையனைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கைக்கெட்டிய பொருளே அவனுக்குக் கருவியாயிற்று.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முறுக்கும் பருமனும் ஒத்த நரம்பு நீளத்தில் பாதியானால் அதன் அதிர்வு இரட்டிக்கும். வளைந்த கோட்டில் வரிசையாகக் கட்டிய நரம்புகளோ நீளத்தில் தாமே வேறுபடும். ஆகவே யாழின் வளைவு வெறும் ஒப்பனையன்று. இசையின் தேவையே அவ்வடிவை வகுத்தது.

அடிகள் அறிவியல் கற்றுத் தமிழுக்கு வந்தவர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானவர். சொல்லை அளவோடும் கணக்கோடும் பொருத்திப் பார்த்ததே அவர் நூலின் வலிமை. குறையும் அங்கேயே உளது. கணக்கு நெருங்கும் இடங்களில் பொதுவாசகர்க்குப் படிவழி போதவில்லை. நாம் ஏட்டை மூடிவிடுகிறோம். யானும் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் 'பத்தர்' என்பதற்கு 'யாழின் ஓர் உறுப்பு' என்று எழுதி மதிப்பெண் பெற்றவனே. அஃது எதற்கு என ஒருநாளும் வினவியதில்லை.

மாணவர் மூங்கிற் சிம்பை வளைத்து ஏழு கம்பிகள் கட்டினார். ஓசை எழுந்தது, ஆயினும் மெலிந்து மறைந்தது. பள்ளிப் பிள்ளை ஒருவன் அதனை வெற்றுப் பிஸ்கட் டின்னின்மேல் ஊன்றினான். அறை முழுதும் ஒலி நிறைந்தது. பத்தர் என்னும் சொல்லின் பொருளை, ஐம்பது கடந்தபின், அன்றே யான் அறிந்தேன்.

பதவுரை வேண்டாம் என்பது என் கருத்தன்று. பதவுரையோடு நின்றால் யாழ் ஏட்டிலேயே கிடக்கும். ஆசிரியப் பெருமக்கள் ஒருமுறையேனும் கொம்பை வளைத்துப் பார்ப்பார்களாக.