எத்தனை வாட்? எத்தனை டெசிபெல்?

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தார்க்கு வெடிச்சத்தம் புதிதன்று. ஒரு வெடி எவ்வளவு சத்தம் போடலாம் என்பதற்கு 1999 முதல் விதி உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல். கணநேர உச்சமாக அளந்தால் 145. இதைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

அதே ஊரில் ஒருவர் புது வீட்டுக் கூடத்தின் கூரையில் ஒலிபெருக்கிகள் பதித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாள் விழாவுக்குப் பாட்டு இன்னும் பலமாகக் கேட்க வேண்டும். கடைக்குப் போகிறார். "50 வாட் போதவில்லை, 100 வாட் கொடுங்கள்" என்கிறார். வாசகர்களே, இந்தக் கணக்கு சரிதானா?

சரியன்று. வாட் என்பது ஒலிபெருக்கிக்குள் செல்லும் மின்திறனின் அளவு. வெளிவரும் ஒலியின் அளவு அன்று. வீட்டு ஒலிபெருக்கிகளில் அத்திறனில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ஒலியாகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். திறனை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது சிறு வேறுபாடே. ஒலி இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. 50 வாட் இருந்த இடத்தில் 500 வாட்!

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? உணர்திறனைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த டெசிபெல் அது. 85 டெசிபெல் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு 91 டெசிபெல் உள்ளதைப் பதித்தால், பெருக்கியின் திறனை நான்கு மடங்கு ஆக்கியதற்குச் சமம். வாங்குபவருக்கு உதவும் எண் இதுதான். ஆனால் பெட்டியில் வாட்டுக்குக் கொட்டை எழுத்து. இதற்குப் பொடி எழுத்து. "பி.எம்.பி.ஓ." என்று ஆயிரக்கணக்கில் அச்சிடும் வாட்டோ, தொடர்ந்து தரக்கூடிய திறனே அன்று. இது வாங்குபவரை மயக்கும் வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

சிறிய பெருக்கியை முழுமூச்சாகத் திருகுவதும் தவறு. அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். கீச்சொலி தரும் சிறு ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். கூரையிலுள்ள சிறு கூம்புகளால் தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளவும் முடியாது. அதற்குத் தரையில் தனி சப்-ஊஃபர் வைப்பதே முறை. ஆனால் சுவரை எளிதில் கடப்பதும் அந்தத் தாழ்ந்த ஒலியே என்பதை மறக்க வேண்டாம்.

சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. தனியார் ஒலிக்கருவியின் சத்தம், வீட்டு எல்லையில் இதற்குமேல் 5 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது.

சுவருக்கு இப்பால் நம் குழந்தைகள் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடமே. இது அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனம் தொழிலாளர்களுக்கு வகுத்த வரம்பு. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஒரு நொடி வெடிக்கும் பட்டாசுக்கு டெசிபெல் கணக்குக் கேட்கிறோம். மணிக்கணக்கில் முழங்கும் ஒலிபெருக்கிக்கும் அதையே கேட்க வேண்டாமா? அடுத்த முறை கடைக்குப் போனால் "எத்தனை டெசிபெல்?" என்று கேளுங்கள்.