கோடைக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும்: பத்தாம் வகுப்பில் பிரிந்து கிடக்கும் ஒரு பாடம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணவர் ஓராண்டை இரண்டு முறை பகுத்துப் படிக்கிறார். தமிழ்ப் பாடத்தின் அகப்பொருள் இலக்கணத்தில் அது கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகள். சமூக அறிவியலின் புவியியல் பகுதியில் அது குளிர்காலம், கோடைக்காலம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் என்னும் நான்கு பருவங்கள். நிலம் ஒன்றே. எனினும் முன்னது செய்யுளுக்குரிய மரபாகவும் பின்னது அறிவியலாகவும் வெவ்வேறு பாடவேளைகளில் நடத்தப்பெறுகின்றன.

இரண்டையும் ஒப்பிட்டால் முதலில் இடறுவது முதுவேனில். அதற்குரியனவாக மரபு கூறும் ஆனியும் ஆடியும் ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நீள்வன. நான்கு பருவப் பகுப்பில் இது தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் காலம். ஒன்று வெயிலைச் சொல்ல, மற்றொன்று மழையைச் சொல்கிறது. இம்முரணுக்கு விடை புவியியல் பாடத்திலேயே உண்டு: அரபிக்கடலின் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்டு வெப்பமுற்றுக் கிழக்கே இறங்குகிறது. நீலகிரி போன்ற பகுதிகள் நீங்கலாகத் தமிழகச் சமவெளியின் பெரும்பகுதி மழைமறைவில் நிற்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கிறது. ஆகவே ஆனி, ஆடியை வேனிலாகக் கொண்ட பகுப்பு, மலைக்குக் கிழக்கே இருப்பவர் காணும் வானத்தோடு இசைகிறது. அனைத்திந்தியச் சட்டகத்தில் அமைந்த பருவப்பெயர், மாணவரின் ஊரில் மழை தராத காற்றுக்கும் மழைக்காலப் பெயரையே சூட்டிவிடுகிறது.

காற்றின் பெயர்கள் இதனை மேலும் துலக்குகின்றன. மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்பதை அதே வகுப்பின் தமிழ்ப் பாடநூலில் காற்று தன் வரலாறு கூறும் உரைநடைப் பாடம் கற்பிக்கிறது. கோடை வெப்பக் காலத்திற்கும் பெயர். கொண்டல் மேகத்திற்கும் பெயர். மேல்காற்று வெம்மையோடும் கீழ்காற்று மழையோடும் பிணைந்த இச்சொல்வழக்கு மழைமறைவுப் பகுதிக்கே பொருந்தும். மலைக்கு மேற்கே, சேரநாட்டுக் கடற்கரையில், மேல்காற்றே மழைக்காற்று. இவ்வளவு செறிந்த புவியியல் சான்று தமிழ்ப் பாடத்தில் வெறும் சொற்பொருளாக நின்றுவிடுகிறது.

இரு பகுப்புகளும் முற்றப் பொருந்துவன என்று கொள்வதற்கில்லை. ஆவணி, புரட்டாசிக்குரிய கார், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தியது; அம்மழையின் முதன்மையான மாதங்கள் கூதிருக்குரியவை. தாமிரபரணிப் பாசனத்தில் ‘கார்’ இன்றும் நெற்பருவத்தின் பெயராக வழங்குகிறது. ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தையொட்டிய சாகுபடி. ஒரே சொல் இடத்திற்கேற்ப நகர்வதை மறைத்து நேர்ப்பொருத்தம் காட்ட முயல்வது பிழை. முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் கடல்நீரைப் பருகிய முகில் வலமாக எழுந்து மலையைச் சேர்வதைக் கொண்டு, புவிச்சுழற்சியால் காற்று வலப்புறம் விலகுவதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என வாதிடுவதும் அத்தகையதே. வலம் அங்கு மங்கல மரபு. மாணவர்க்குப் பயன்படுவது பெருமிதம் அன்று; சொல்லும் நிலமும் எங்கே இசைகின்றன, எங்கே விலகுகின்றன என்னும் உசாவல்.

அதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. அட்சரேகையில் பெரிதும் வேறுபடாத கொச்சி, நாகப்பட்டினம் ஆகிய இரண்டின் மாதவாரி மழையளவு வரைபடங்களை அருகருகே வரையச் செய்து, ‘கோடை’ என்னும் காற்றுப்பெயர் எவ்வூரில் பிறந்திருக்கக் கூடும் எனக் கேட்க ஒரு பாடவேளை போதும். அவ்வினா தமிழாசிரியருக்குரியதா, சமூக அறிவியல் ஆசிரியருக்குரியதா என்பதே இன்றைய பாடப் பகுப்பில் தீராத சிக்கல்.